வேலியோரப் பூக்களுக்கு ஒரு பாத்தி

இற்றைக்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன் வந்த மகா சிவராத்திரியன்று எமது வீட்டில் நிகழ்ந்த சிறு சம்பவமொன்றை முதலிற் கூறிவிட்டு, இவ்வாரப் பொருளுக்கு வருவோம். பூசைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த ஆச்சி, அப்பொழுது ஆறாந் தரத்திற் படித்துக்கொண்டிருந்த பேத்தியை அழைத்து, "பிள்ளை, ஒழுங்கைப் பக்கம் போய் ஒரு கை தும்பைப்பூப் பிடுங்கிக்கொண்டு வா" என்றார். ஆச்சியின் இளமைக் காலத்தில் அது ஐந்து நிமிட வேலை. பிள்ளையோ ஒரு மணி நேரங் கழித்தே திரும்பினாள். தட்டம் நிறைய வெண்ணிறப் பூக்கள். முகம் நிறையப் பெருமை. ஆச்சி தட்டத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "இது தும்பை இல்லைப் பிள்ளை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வா" என்று மாத்திரம் கூறினார்.

அவள் பறித்து வந்தது பாதீனியம். அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இந்த நச்சுக்களை, எமது நாட்டில் 1999ஆம் ஆண்டிலே வவுனியாவிலிருந்து முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. இன்று வடபகுதியின் வீதியோரங்களிலும் தரிசு நிலங்களிலும் அது தாராளமாக வளர்கின்றது. தொட்டுப் புழங்குவோர் பலருக்குத் தோலில் அரிப்பையும், அதன் மகரந்தத்தைச் சுவாசிப்போர் சிலருக்குத் தடிமனையும் இழுப்பையும் உண்டாக்குவது.

அன்றைய பூசை வில்வத்துடன் நிறைவெய்தியது. பிள்ளையை எவரும் கடிந்துகொள்ளவில்லை. குற்றம் அவளுடையதன்று என்பது எமக்குத் தெரிந்தேயிருந்தது. தும்பை எது என்று அவளுக்கு நாம் ஒருநாளும் காட்டியதில்லை. காட்டுவதற்கு எமது ஒழுங்கையில் ஒரு தும்பைச் செடியேனும் எஞ்சியிருக்கவுமில்லை.

இப்பகுதியில் நாம் பெரும்பாலும் கத்தரி, வெண்டி, புடோல் ஆகியவற்றைப் பற்றியே எழுதி வந்துள்ளோம். இன்று, எவரும் நடாமலே வளர்ந்துவந்த பூக்களை இனி நாமே நட்டு வளர்க்கவேண்டி வந்ததன் காரணத்தையும், அதற்கான வழியையும் கூற விரும்புகின்றோம்.

யாழ்ப்பாணத்துக் காணிகளின் எல்லையாக முன்னர் நின்றவை உயிர்வேலிகள். கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றை நெருக்கமாக நட்டுப் பனையோலை வரிந்து கட்டுவர். அந்த வேலி காணிக்குக் காவலாக நின்றதோடு பல உயிர்களுக்கு வீடாகவும் இருந்தது. முசுட்டையும் முடக்கொத்தானும் குறிஞ்சாவும் அதன்மேற் படர்ந்தன. கார்காலத்திற் கார்த்திகைப்பூ அதனைப் பற்றி ஏறிச் சுடர்விட்டது. அதன் அடியிலே தும்பையும் துத்தியும் தாமாக முளைத்தன. 2009ஆம் ஆண்டிற் போர் முடிவுற்றபின் மக்கள் மீண்டு வந்து வீடுகளைத் திருத்தினர், வீதிகள் அகலமாயின, வேலிகள் இருந்த இடத்திற் பல ஊர்களில் மதில்கள் எழுந்தன. பாதுகாப்பைத் தேடியவர்களை நாம் குறை கூறோம். எமது வீட்டைச் சுற்றியும் மூன்று பக்கம் மதிலே. ஆயினும், வேலி போனபோது அதனோடு சேர்ந்து போனவை எவை என்று நாம் கணக்குப் பார்க்கவில்லை. ஒரு சிவராத்திரி அந்தக் கணக்கை எமக்குக் காட்டியது.

எமது முதல் முயற்சி நகைப்புக்கிடமானது. இலண்டனிலிருந்து உறவினர் ஒருவர் முன்னரே அனுப்பியிருந்த பொதியொன்று அலுமாரியிற் கிடந்தது. "காட்டுப்பூ விதைக் கலவை" என்று அதன்மேல் எழுதி, வண்ணப்படமும் அச்சிட்டிருந்தனர். அந்நாட்டிலே ஒவ்வொரு பிரதேசத்துக்கும் உரிய காட்டுப்பூக்களின் விதைகளை இவ்வாறு கலந்து விற்பதும், வீட்டார் அவற்றைத் தோட்டத்தின் ஒரு மூலையில் விதைப்பதும் நல்ல வழக்கமாக உள்ளது. நாம் அதனைப் பங்குனி மாதத்தில் விதைத்துக் காலையும் மாலையும் நீரூற்றினோம். சில முளைத்தன, இரண்டொன்று சாணளவு உயர்ந்து நீல நிறத்தில் மொட்டுங் கட்டின. சித்திரை வெயில் வந்தது, அனைத்துங் கருகின.

அந்த விதையிற் குறையில்லை. குளிர்நாட்டு மண்ணில் இளவேனிற் காலத்து இதமான சூட்டுக்குப் பழகிய செடியை, சுண்ணாம்புக் கல்லின்மேற் படிந்த எமது செம்பாட்டு மண்ணிலே கோடையில் இட்ட நாமே குற்றவாளிகள். அப்பொதியில் நாம் கற்க வேண்டியிருந்தது விதையையன்று, முறையை. அந்த ஊரார் தம் ஊர்ப் பூவைக் கலந்து விதைக்கின்றனர். நாம் எம் ஊர்ப் பூவைக் கலந்து விதைத்தல் வேண்டும். அத்தகைய பொதி கடையிற் கிடைப்பதில்லையாதலால் நாமே அதனைச் சேர்க்கத் தொடங்கினோம்.

விதை சேர்த்தல்

எமது கலவைக்கு ஏழு செடிகளைத் தெரிந்தெடுத்தோம். அவை தும்பை, விட்டுணுகாந்தி, கிலுகிலுப்பை, துத்தி, ஆவரசு எனவும் வழங்கும் ஆவாரை, காக்கணம் எனவும் பெயர் பெறும் சங்குப்பூ, முடக்கொத்தான் என்பனவாம். இவை யாவும் வடபகுதியின் வெயிலையும் வறட்சியையும் தாங்கிப் பழகியவை. இவற்றின் விதைகள் ஒரே காலத்தில் முற்றுவதில்லை. ஆதலால் விதை சேர்ப்பவருக்கு வேண்டிய முதற் குணம் பொறுமையாகும்.

தும்பையின் தண்டிலே பூ உதிர்ந்தபின் கிண்ணம் போன்ற பகுதிகள் முடிச்சு முடிச்சாக நிற்கும். அவை பழுப்பேறி உலர்ந்ததும் தண்டோடு வெட்டிக் கடதாசிப் பைக்குள் தலைகீழாக வைத்தால் விதைகள் தாமே உதிரும். கிலுகிலுப்பைக் காயை அசைத்துப் பார்த்தல் போதும். உள்ளே விதை குலுங்கி ஒலித்தால் அது பறிக்கத் தக்கது. சங்குப்பூவின் தட்டையான காய் வைக்கோல் நிறம் அடையும்போது எடுத்தல் வேண்டும்; தாமதித்தால் வெடித்துச் சிதறிவிடும். துத்தியின் காய் சிறு சக்கரம் போன்றது. கறுத்து உலர்ந்தபின் கையாற் கசக்கினால் விதை பிரியும். முடக்கொத்தானின் காய் காற்றடைத்த சிறு பை போல்வது. அதனுள் இருக்கும் கரிய விதையின்மேல் இதய வடிவான வெண்புள்ளி ஒன்று உண்டு. சிறுவருக்கு இதனைக் காட்டினால் அவர்கள் அச்செடியை ஒருநாளும் மறக்கமாட்டார்கள். விட்டுணுகாந்தி மிகச் சிறியது. உலர்ந்த கொடியை ஒரு வெள்ளைத் தாளின்மேல் உதறி, விழுவதைச் சேர்த்தல் வேண்டும்.

விதை சேர்க்கப் புறப்படுவோர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளுதல் நன்று. பிறர் காணிக்குள் அனுமதியின்றிப் புகலாகாது. காட்டுயிர்ச் சரணாலயங்களிலும் தேசிய வனங்களிலும் செடியையோ விதையையோ எடுத்தல் சட்டவிரோதமாகும். பத்துக் காய் கண்ட இடத்தில் ஒன்றை மாத்திரம் எடுப்பது நாம் எமக்கு வகுத்துக்கொண்ட விதி. ஒரே ஒரு செடி நின்ற இடத்தில் ஒன்றையும் எடுப்பதில்லை. அரிதாகிவிட்ட பூவைக் காப்பதற்கென்று புறப்பட்டு, எஞ்சியிருப்பதையும் நாமே அழித்தலாகாதன்றோ?

சேர்த்த விதைகளை நிழலிலே நன்கு உலர்த்தி, கடதாசி உறைகளில் இட்டு, செடியின் பெயரையும் எடுத்த இடத்தையும் மாதத்தையும் எழுதி, இறுக மூடிய போத்தலிற் குளிர்ச்சியான இடத்தில் வைக்கலாம். ஈரம் எஞ்சியிருப்பின் பூஞ்சணம் பிடிக்கும். எமது வீட்டில் உறைகளின்மேற் பெயரெழுதும் பணியைப் பேத்தியே ஏற்றுக்கொண்டாள்.

நிலமும் காலமும்

இரண்டாம் தவறை நாம் இங்கே செய்தோம். நல்ல பூ வேண்டுமாயின் நல்ல எரு வேண்டும் என்று எண்ணிப் பாத்தி முழுவதும் ஆட்டெருவைக் கொட்டினோம். ஐப்பசியில் விதைத்தோம், மழையும் தவறாது பெய்தது. முளைத்தவை அறுகும் கோரையுமே. அவற்றின் நடுவே மூச்சுத் திணறி நின்ற தும்பைகள் ஐந்தோ ஆறோதான். அவ்வாண்டுச் சிவராத்திரிக்கு ஒரு கை நிறையப் பூத் தேறவில்லை.

காரணத்தைப் பின்னரே விளங்கிக்கொண்டோம். காட்டுப்பூக்கள் மெலிந்த நிலத்திற் குறைந்த உணவோடு வாழப் பழகியவை. நிலத்தை வளப்படுத்தினால் அவற்றிலும் பார்க்க விரைவாக அவ்வளத்தை உறிஞ்சி மேலோங்குபவை புல்லினங்களே. ஆகவே கத்தரிக்குச் செய்யும் உபசாரத்தைத் தும்பைக்குச் செய்தலாகாது. எருவும் வேண்டாம், உரமும் வேண்டாம். வெயில் மாத்திரம் நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலமேனும் படுதல் வேண்டும்.

இப்பொழுது நாம் பின்பற்றும் முறை இது. பத்தடி நீளமும் பத்தடி அகலமுங் கொண்ட இடத்தைப் புரட்டாதியில் தெரிவுசெய்து, அறுகையும் கோரைக் கிழங்கையும் இயன்றவரை தோண்டி அகற்றுகின்றோம். மண்ணை ஆழமாகக் கிளறுவதில்லை. கிளறினால் அடியில் உறங்கும் களைவிதைகள் மேலே வரும். பின்னர் வெறும் நிலத்துக்கு நீரூற்றி இரண்டு கிழமை காத்திருக்கின்றோம். முளைப்பவை யாவும் களைகளே. அவற்றை மண்வெட்டியால் மேலாகச் செருக்கி எறிந்துவிட்டால், விதைத்தபின் வரும் தொல்லை பெரிதுங் குறையும்.

சங்குப்பூ, ஆவாரை, கிலுகிலுப்பை ஆகிய மூன்றும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் விதைத்தோல் கடினமானது. சொரசொரப்பான சீமெந்துத் தரையில் இலேசாக உரைத்து, இளஞ்சூடான நீரில் ஓர் இரவு ஊறவிட்டால் விரைவில் முளைக்கும். ஆயினும் எல்லா விதைகளையும் இவ்வாறு செய்யாது, ஒரு பாதியை உள்ளபடியே விட்டுவிடுவது புத்திசாலித்தனம். முதல் மழையை நம்பி முளைத்தவை இடையில் வரும் வெயிலில் மடிந்தாலும், உறங்கிக் கிடந்தவை அடுத்த மழைக்கு முளைத்துப் பாத்தியைக் காக்கும். கடினமான தோலை இயற்கை வைத்ததும் இந்த முன்யோசனையினாலேயே.

எமது பகுதியின் ஆண்டு மழையிற் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. முதல் மழை பெய்து நிலம் நனைந்ததும் விதைத்தல் வேண்டும். தும்பை ஒரு சிறங்கை, துத்தி ஒரு பிடி, கிலுகிலுப்பை ஐம்பது விதை, விட்டுணுகாந்தி கிடைத்த அளவு என்று எடுத்து, நான்கு சுண்டு உலர்ந்த மணலோடு கலந்துகொள்க. கலவையை இரு பாதியாக்கி, ஒரு பாதியை வடக்குத் தெற்காகவும் மறு பாதியைக் கிழக்கு மேற்காகவும் தூவினால் எங்கும் ஒரே சீராக விழும். வெண்மணல் கலப்பதனால் விதை விழாத இடமுங் கண்ணுக்குத் தெரியும். சிறு விதைகளைப் புதைத்தலாகாது; பலகையொன்றை வைத்து மிதித்து மண்ணோடு அழுத்திவிட்டாற் போதும். ஆவாரை ஆளுயரத்துக்கு வளரத்தக்கதாதலின் அதனைப் பின்வரிசையில் மூன்று, நான்கு இடங்களில் ஊன்றுக. சங்குப்பூவையும் முடக்கொத்தானையும் படலை அல்லது கம்பிவலை ஓரமாக நடுக. மதிலுடையோர் ஒரு கயிற்றுப் பந்தலேனும் கட்டிக் கொடுத்தல் வேண்டும்.

இங்கே மாணவர்க்கு ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு விதையிலும் சிலவற்றை எடுத்துத் தனித்தனிச் சிரட்டையில் முளைக்கவிட்டுப் பெயரெழுதி வைக்கட்டும். பாத்தியில் முளைப்பது பயிரா களையா என்ற ஐயம் எழும்போது, அந்தச் சிரட்டையிலுள்ள நாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். இது செய்யாமையினாலேயே முதலாண்டில் நாம் துத்தியைக் களையென்று பிடுங்கி எறிந்தோம்.

மழை இடையில் நின்றால் முதல் இரு மாதமும் இலேசாக நீர் தெளிக்கலாம், அதன்பின் வேண்டுவதில்லை. சித்திரையில் விதைகள் உதிர்ந்தபின் பாத்தியின் மூன்றிலிரண்டு பங்கைச் சாணுயரத்துக்கு வெட்டிவிட்டு, எஞ்சிய பங்கை ஆனி வரை விட்டுவைக்கின்றோம். பிந்தி முற்றும் விதைக்கும் அங்கே உறங்கும் பூச்சிக்கும் அது இடமாகும். முற்றத்துச் சருகோடு சேர்த்துக் கொளுத்தும் வழக்கத்தை மாத்திரம் இப்பாத்திக்குச் செய்யற்க. கொளுத்தினால் அடுத்த ஆண்டின் பூவையுஞ் சேர்த்துக் கொளுத்தியவராவோம்.

கொழும்பிலே மாடிவீட்டில் வாழும் வாசகர்கள் மனந்தளர வேண்டியதில்லை. அடியில் துளையிட்ட சாடியொன்றிலே தும்பையும் விட்டுணுகாந்தியும் வளரும்; வெயில் படும் யன்னற் கம்பியிற் சங்குப்பூப் படரும். கடற்கரை மணலில் வாழ்வோர் அடம்பன் கொடியையும், மட்டக்களப்பு, மன்னார், மலைநாட்டு வாசகர்கள் தத்தம் ஊருக்கு உரியவற்றையும் தேர்ந்துகொள்க. எமது ஏழு செடிகளை அப்படியே பின்பற்ற வேண்டுமென்பதில்லை. விதை அவ்வவ்வூர் விதையாகவும், விதைக்குங் காலம் அவ்வவ்வூர் மழைக்காலமாகவும் இருத்தலே முக்கியம்.

விலக்க வேண்டியவை

அழகாயிருப்பன எல்லாம் பாத்திக்கு ஏற்றவையல்ல. குண்டுமணியின் செந்நிற விதை ஒன்றை மென்று விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம். ஊமத்தையின் எப்பகுதியும் நஞ்சே. கார்த்திகைப்பூவின் கிழங்கு கொடிய விடமுடையது. அதன் பூவின் வனப்பு எவரையும் கவரினும், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதனை வைத்தல் தகாது. எருக்கலையின் பால் கண்ணிற் பட்டால் கண்ணுக்குக் கேடு. கிலுகிலுப்பையை ஆடு மாடுகள் தின்னவிடலாகாது. அது ஈரலைத் தாக்கும்.

இனி, வந்தேறிகளைப் பற்றியும் ஒரு சொல். பல நிறப் பூக்களோடு பொலியும் நாயுண்ணி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழகுக்காக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டுக் காடெங்கும் பரவிய செடி. அதனை நாமே விதைத்தலாகாது. பாதீனியமோ ஒரு செடியிலேயே பல்லாயிரம் விதைகளைச் சொரிவது. கையுறையணிந்து, பூக்குமுன் வேரோடு பிடுங்குதல் வேண்டும். தும்பையையும் அதனையும் பிரித்தறிதல் எளிது. தும்பையின் தண்டு நான்கு மூலையுடையது, இலை ஒடுங்கியது, வெண்பூ ஒரு சிறு உதடு போல முன்னீண்டிருக்கும். பாதீனியத்தின் இலை கரட் இலை போலப் பலவாறு கிழிந்திருக்கும். பூ கிளை நுனிகளிற் சிறு வெண்பொத்தான் போல நிற்கும். இவ்வளவையும் ஒரு பிள்ளைக்குச் சொல்ல இரண்டு நிமிடமே செல்லும். அந்த இரண்டு நிமிடத்தை நாம் ஆறாண்டு பள்ளி சென்ற பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

அயல் வீட்டு மாமி எமது பாத்தியை முதன்முதலிற் கண்டபோது, "என்ன, வளவைப் பற்றையாக்கிறியளோ? பாம்பெல்லோ வரும்!" என்று அஞ்சினார். அந்த அச்சம் புறக்கணிக்கத் தக்கதன்று. ஆகவே பாத்தியை வீட்டுச் சுவரிலிருந்து விலக்கி, சுற்றிலும் இரண்டடி அகலத்துக்குக் கூட்டித் துப்புரவாக வைத்திருக்கின்றோம். சிரட்டை, தகரப்பேணி, சாடித்தட்டு ஆகியவற்றில் நீர் தேங்க விடுவதில்லை. டெங்கு நுளம்பு பெருகுவது அங்கேயே. வைத்து வளர்க்கும் பாத்திக்கும் கவனிப்பாரற்ற பற்றைக்கும் உள்ள வேறுபாட்டை அயலார்க்குக் காட்டுவது அந்த இரண்டடித் துப்புரவே.

பாத்திக்கு வரும் விருந்தினர்

பூக்கள் வந்ததும் விருந்தினரும் வந்தனர். எமது நாட்டில் ஏறத்தாழ 250 இன வண்ணத்துப்பூச்சிகள் உள்ளன. அவற்றின் புழுக்கள் கண்ட இலையையெல்லாம் தின்பதில்லை. பலவற்றுக்கு இன்ன செடிதான் உணவென்ற நியமம் உண்டு. இளமஞ்சள் கலந்த வெள்ளைச் சிறகுடைய ஒருவகை, ஆவாரையிலும் தகரையிலும் முட்டையிடுகின்றது. செடி இல்லையேல் அந்தச் சிறகும் இல்லை. வரிவரியாக நீலப் புள்ளிகளுடைய இனங்கள், கிலுகிலுப்பையின் உலர்ந்த தண்டையுங் காயையும் மொய்த்து அதன் சாற்றை உறிஞ்சுகின்றன. அச்சாற்றிலுள்ள கசப்புப் பொருளே அவற்றைப் பறவைகள் தின்னாமற் காக்கின்றது. ஆட்டுக்கு நஞ்சாவது பூச்சிக்குக் கவசமாகும் விந்தை இது.

ஆவாரைப் பூவின் மகரந்தப் பைகள் முற்றாகத் திறப்பதில்லை. நுனியில் நுண்ணிய துளையே உண்டு. கருவண்டு அதனைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்ய, மகரந்தம் துளை வழியே கொட்டுகின்றது. கத்தரிப் பூவின் அமைப்பும் அத்தகையதே. காய்கறித் தோட்டத்துக்கு அருகே ஆவாரை நிற்பின், அதனை நாடி வரும் வண்டு கத்தரியையும் நாடும். காட்டுப்பூவாற் பயனென்ன என்று கேட்கும் இல்லத்தலைவிகளுக்கு இந்த ஒரு விடையும், முடக்கொத்தான் இலையில் வைக்கும் இரசமும் போதுமென்று எண்ணுகின்றோம்.

பயனுக்கு அப்பாலும் ஒன்று உண்டு. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே 99 மலர்கள் பெயர் சுட்டிக் கூறப்படுகின்றன என்பதை மாணவர் அறிவர். எமது சிறு பாத்தியிலுள்ள தும்பையும், ஆவிரையாகிய ஆவாரையும், கருவிளையாகிய சங்குப்பூவும் அவற்றுட் சேர்ந்தவை. 1670களில் இத்தீவில் ஒல்லாந்தர் கம்பனியின் வைத்தியராகவிருந்த போல் ஹேர்மன் செடிகளைச் சேர்த்து உலர்த்தி வைத்தார். இந்நாட்டை ஒருபோதும் கண்டிராத லின்னேயஸ், அவற்றைக் கொண்டு 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராகவிருந்த ஹென்றி திறிமன் 1893 முதல் வெளியிட்ட பெருநூல், செடிகளுக்குச் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் தருகின்றது. தும்பையினத்துள் ஒன்றுக்குத் தாவரவியலார் வழங்கும் "சைலானிக்கா" என்ற பெயரே இந்நாட்டின் பெயர்தான். புலவனும் வைத்தியரும் விஞ்ஞானியும் பெயரறிந்து போற்றிய செடியை, அது முளைக்கும் ஒழுங்கையில் வாழும் பிள்ளை அறியாதிருத்தல் முறையாகுமா? பெயரை அறிந்தவர் ஒருவரேனும் உள்ள ஊரிலேதான் ஒரு செடி, பிடுங்கும் கையிலிருந்து தப்புகின்றது.

கடந்த மாசியிற் சிவராத்திரி வந்தது. ஆச்சிக்கு இப்பொழுது பார்வை பெரிதுங் குறைந்துவிட்டது. அவர் ஒன்றுங் கேட்கவில்லை. பிள்ளை தானாகவே பாத்திக்குப் போய்த் தட்டம் நிறையப் பறித்து வந்து அவர் மடியில் வைத்தாள். ஆச்சி ஒரு தண்டை எடுத்து இரு விரல்களுக்கிடையே உருட்டி, அதன் நான்கு மூலைகளையும் தடவிப் பார்த்தார். "தும்பைதான்" என்றார்.

இது புரட்டாதி மாதம். ஐப்பசி மழைக்குச் சில கிழமைகளே உள்ளன. கோடையில் உலர்ந்து நிற்கும் ஆவாரைக் காயும் கிலுகிலுப்பைக் காயும் இப்பொழுதும் கிடைக்கும். கூட்டாத மூலைகளிலே தும்பையின் காய்ந்த தண்டு ஒன்றிரண்டு நிற்றலுங் கூடும். ஏழு செடியும் கிடைக்கும்வரை காத்திராது, கிடைத்த இரண்டையோ மூன்றையோ கொண்டு இவ்வாண்டே தொடங்குக. கடதாசிப் பையோடு ஒழுங்கையில் இறங்கும்போது வீட்டிலுள்ள பிள்ளையையும், செடிகளின் பெயரறிந்த முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.